நிற்பதற்கு என்ன தகுதி?

"அவனுக்கு என்ன தகுதி இருக்குன்னு நிக்கிறான்?"

உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் மணலி புதுநகரில் என் மளிகைக் கடை வாசலில் அதிகமாகக் காதில் விழுவது இந்தக் கேள்விதான். கேட்கிறவர்கள் ஒவ்வொருவரும் மனதுக்குள் தகுதிக்கு ஒவ்வோர் அளவு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது படிப்பு. இன்னொருவருக்குக் கையில் நாலு காசு. வேறொருவர் ஒழுக்கம் என்பார். சிலர் வாய்விட்டுச் சொல்லாமல் சாதியை நினைத்துக்கொண்டு கேட்பார்கள். அரிசி அளந்து போட்டபடியே இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பொறுப்புக்கு ஒரு மனிதர் தன்னை முன்வைக்க எது தகுதி? இதை நான் அரசியல் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. தர்மத்தைப் பற்றிய கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் சொல்லும் பதில் சின்னது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். எந்த வார்டில் நிற்கிறாரோ அந்த வார்டின் வாக்காளர் ஒருவர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். வழக்குகள், சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். வைப்புத்தொகை கட்ட வேண்டும். வார்டு பெண்களுக்கோ பட்டியல் சாதியினருக்கோ ஒதுக்கப்பட்டிருந்தால் அதற்கு உட்பட வேண்டும். எங்கள் மணலி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2022 தேர்தலின்போது அது 2ஆவது மண்டலம், 15 முதல் 21 வரை ஏழு வார்டுகள். அந்தத் தேர்தலில் ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை வேட்புமனு வாங்கினார்கள். 5ஆம் தேதி பரிசீலனை, 7ஆம் தேதி வாபஸ், 19ஆம் தேதி வாக்குப்பதிவு. பரிசீலனை மேசையில் தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். நிற்கிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது என்பதே இன்றைய சட்டத்தின் மனம்.

ஒரு காலத்தில் கேட்டார்கள். செங்கல்பட்டு தாண்டிப் போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலைக் கல்வெட்டு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கியது மட்டுமே நம் நினைவில் நிற்கிறது. கல்வெட்டின் பெரும்பகுதியோ, யாருடைய பெயரைக் குடத்தில் போடலாம், யாருடையதைப் போடக்கூடாது என்பதைத்தான் பேசுகிறது. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முதல் கல்வெட்டின்படி வயது முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே. இரண்டே ஆண்டில் அதை முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவே என்று மாற்றியிருக்கிறார்கள். வேதம் கற்பிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அரைக்கால் வேலி நிலம்தான் உண்டு என்றால், ஒரு வேதமும் ஒரு பாடியமும், அதாவது உரையும், கற்றிருந்தால் போதும். நேர்வழியில் பொருள் ஈட்டியிருக்க வேண்டும், மனமும் சுத்தமாக இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்தவராக இருக்கக்கூடாது.

அதற்குப் பிறகு விலக்குகள் வருகின்றன. பெரும்பாவங்கள் செய்தவர் கூடாது. பிறர் பொருளைக் கவர்ந்தவர் கூடாது. உண்ணத் தகாததை உண்டவர், பிராயச்சித்தம் செய்து சுத்தமானாலும், உயிருள்ள வரை கூடாது. இவற்றோடு இன்னொன்று: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பெரியன்னை பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், மாமன் பிள்ளைகள், மைத்துனர், மருமகன், தகப்பன், மகன் என்று உறவுமுறையை ஒவ்வொன்றாகச் சொல்லி, அத்தனை பேருடைய ஓலையையும் குடத்துக்குள் போகவிடாமல் நிறுத்திவிட்டார்கள்.

இந்த விதிகளை நான் இரண்டு கட்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு கட்டு, மனிதர் எங்கிருந்து வந்தார், என்ன வைத்திருக்கிறார், எதைச் சாப்பிட்டார் என்று பார்க்கிறது. மற்ற கட்டு, ஊர்ப் பொருளைக் கையில் வாங்கியவர் அதை என்ன செய்தார் என்று பார்க்கிறது. கல்லில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. தர்மத்தின் தராசில் இரண்டும் ஒன்றாக முடியாது என்பதே நான் சொல்ல வந்தது.

முதல் கட்டு யாரை வெளியே நிறுத்தியது என்று யோசித்துப் பாருங்கள். உத்திரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்த வயல்களை உழுதவரின் பெயரை எழுத ஓலை இல்லை. பெண்களுக்கு இல்லை. நிலமில்லாதவருக்கு இல்லை. அந்தச் சபை ஏரியை நன்றாகப் பார்த்துக்கொண்டது, தோட்டத்தைப் பார்த்துக்கொண்டது, பொன்னை உரைத்துப் பார்த்தது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அதை மெச்சலாம். ஆனால் என் முன்னோர் யாருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் போயிருக்காது. அதை மறந்துவிட்டு மெச்ச என்னால் முடியாது.

எங்கள் குடும்பம் ராதாபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. தலைமுறை தலைமுறையாக அய்யா வழி. இங்கே மணலி புதுநகரில் எங்கள் வழிபாட்டுத் தலமான அய்யா வைகுண்ட தர்மபதி இருப்பதால், ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரே கூட வந்ததுபோல ஆயிற்று. புரட்டாசித் திருவிழாவில் கொடியேறினால் வடசென்னை முழுவதிலிருந்தும் கடைக்காரர்கள் வந்துவிடுவார்கள். அய்யா வைகுண்டர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்திருவிதாங்கூரில் வாழ்ந்தவர். எங்கள் மக்கள் அங்கே தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடம் வைக்கக்கூடாது என்று விதி இருந்த காலம். அய்யா சாமிதோப்பில் எல்லாச் சாதியும் சேர்ந்து தண்ணீர் எடுக்கும் கிணறு வைத்தார். தலைப்பாகையோடுதான் பதிக்குள் வர வேண்டும் என்றார். இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறோம். பள்ளியறையில் சிலை கிடையாது. ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்கும்தான். கும்பிடப் போகிறவர் தலைப்பாகையோடு தன் முகத்தையே அங்கே பார்க்கிறார்.

சின்ன வயதில் இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது எனக்குத் தோன்றுவது இது. இறைவன் உனக்குள் இருக்கிறான் என்று கண்ணாடி சொல்கிறது; அதனால் உன்னைத் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்க எவனுக்கும் அதிகாரமில்லை. அதே கண்ணாடி உன் முகத்தை உனக்குக் காட்டவும் செய்கிறது. அதனால் உன் செயலுக்குப் பதில் சொல்ல வேறொருவரைத் தேடாதே. முதல் பாதி, யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதற்கு அடிப்படை. இரண்டாம் பாதி, நின்றவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்பதற்கு அடிப்படை. ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் தர்மம் பாதியில் நின்றுவிடும்.

முதல் பாதிக்கே இந்த நாட்டில் ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. மனுப் போட யாரையும் விடவில்லை; மீறிப் போட்டவர்களை வாபஸ் வாங்க வைத்தார்கள்; ஜெயித்தாலும் அன்றைக்கே ராஜினாமா செய்ய வைத்தார்கள். 2006இல்தான் தலைவர்கள் பதவியில் உட்கார முடிந்தது. மேலவளவில் ஊராட்சித் தலைவரான முருகேசனையும் அவருடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். ஒரு வேட்புமனுத் தாளுக்கு அவ்வளவு பயந்தவர்களின் மனதில் என்ன இருந்திருக்கும்? அந்த நாற்காலியைக் கோயில் கருவறை மாதிரி நினைத்திருக்கிறார்கள். இன்னார் தொட்டால் தீட்டு என்று நினைத்திருக்கிறார்கள். தகுதியைத் தூய்மையாக நினைக்கிற வழி கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

அரிவாள் எடுக்காமல், சட்டத்தின் வழியாகவும் அதே எண்ணம் வருவதுண்டு. 2015இல் ஹரியானா மாநிலம் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க ஒரு சட்டம் போட்டது. பொதுப் பிரிவு ஆண்கள் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், பெண்களும் பட்டியல் சாதியினரும் எட்டாம் வகுப்பு. வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும். மின்கட்டணமோ கூட்டுறவுக் கடனோ பாக்கி இருக்கக்கூடாது. ராஜ்பாலா என்ற பெண்மணி உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 டிசம்பர் 10 அன்று நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நல்லது கெட்டதைப் பிரித்தறியும் ஆற்றலை மனிதருக்குத் தருவது கல்விதான் என்பது அந்தத் தீர்ப்பில் இருந்த கருத்து. தீர்ப்பை மதிக்கிறேன். அந்தக் கருத்தை ஏற்க மாட்டேன்.

என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அப்பா இறந்த பிறகு கடையை அவள்தான் பார்த்தாள். யார் வீட்டுக்கு எவ்வளவு கடன், எந்தத் தேதியில் எவ்வளவு வரவு என்று அத்தனையும் மனதில் இருக்கும். வேலை போய்விட்ட வீட்டுக்குக் கடனை நிறுத்தியதில்லை; வசதி இருந்தும் இழுத்தடிக்கிறவருக்குக் கொடுத்ததில்லை. நல்லது எது, கெட்டது எது என்று அவளிடம்தான் நான் கற்றேன். நான் படித்த பத்தாம் வகுப்பு எனக்கு வேறு எவ்வளவோ கொடுத்தது. அதைக் கொடுக்கவில்லை. கழிப்பறை கட்ட முடியாத வீட்டில் இருக்கிறவருக்கு, தெருவுக்குக் கழிவுநீர்க் குழாய் கேட்கும் நியாயம் மற்றவரைவிடக் கூடுதலாக உண்டு. அவரை நிற்காதே என்பது, பசித்தவனைப் பந்தி விசாரிக்க விடாமல் தள்ளிவிடுவதுதான். 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்தபோது மனம் நிறைந்தது அதனால்தான். கதவைத் திறந்து வைக்கிற ஒவ்வொரு விதியும் அய்யாவின் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர் என்று நினைக்கிறவன் நான்.

இனி வேறொரு கேள்வி. பதவிக்கு ஆசைப்படுவதே பாவம் இல்லையா? "நான் தகுதியானவன், என்னைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒருவர் தன் வாயாலேயே சொல்லிக்கொள்வது ஆணவம் இல்லையா? பக்கத்துக் கடை பாய் இதை என்னோடு பலமுறை பேசியிருக்கிறார். தலைமைப் பதவியைக் கேட்டு வாங்காதே, கேட்டு வாங்கினால் அதன் பாரம் முழுக்க உன் தலையில் விழும் என்று நபிகள் தம் தோழர் ஒருவரிடம் சொன்னதாக அவர் எடுத்துச் சொல்வார். கிறிஸ்தவர்களின் வேதத்திலும் யூதாஸின் இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தபோது, இருவர் பெயரை முன்வைத்து, ஜெபம் செய்து, சீட்டுப் போட்டு மத்தியாவை எடுத்தார்கள். உத்திரமேரூரிலும் சீட்டுத்தான். சபை முழுவதும் கூடியிருக்க, விவரம் அறியாத ஒரு சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். கை மறைவில் ஓலை மாறிவிடக்கூடாது என்பதற்காக அப்படி ஒரு விதி. "என் பலத்தால் வந்தேன்" என்று எவரும் மார்தட்ட முடியாதபடி மனிதரின் ஆசையைத் தேர்விலிருந்து கழித்துவிட்டார்கள். அதில் பெரிய ஞானம் இருக்கிறது.

ஆனாலும் ஆசையை அடியோடு பாவம் என்று ஒதுக்க எங்கள் பகுதியின் பக்தி விடவில்லை. பௌர்ணமி நாளில் என் மனைவியும் தெருப் பெண்களும் ஒரே நாளில் மூன்று அம்மன்களைப் பார்க்கப் போவார்கள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மேலூரில் இருப்பவள் இச்சா சக்தி, திருவொற்றியூரில் ஞான சக்தி, திருமுல்லைவாயிலில் கிரியா சக்தி. நான் அய்யா வழிக்காரன். ஆனாலும் இந்த வரிசை என் மனதில் ஊன்றிவிட்டது. இச்சை முதலில் வருகிறது. அதுவும் அம்மன்தான். தெருவில் தேங்கிய தண்ணீரைப் பார்த்து, இதை நான் சரி செய்ய வேண்டும் என்று ஒருவருக்கு ஆசை எழாவிட்டால் எந்த நல்லதும் தொடங்காது. ஆனால் மேலூரோடு திரும்பிவிட்டால் அந்த நாள் நிறைவதில்லை. விரும்பியவர் விஷயத்தை அறிய வேண்டும், அறிந்ததைச் செய்து முடிக்க வேண்டும். ஆசைப்படுவது குற்றமில்லை. ஆசையிலேயே நின்றுவிடுவதும், செய்ததைக் காட்ட மறுப்பதும்தான் குற்றம்.

2022 ஜனவரி கடைசியில், எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நீங்கதான் எனக்கு முன்மொழியணும். இந்த வார்டுல ஓட்டு இருக்கிற ஆளா இருக்கணுமாம்."

"கையெழுத்து சும்மா போட்டுரலாம்மா. நாளைக்கு நீ தப்பு பண்ணா, அண்ணாச்சி சொல்லித்தானே நின்னான்னு ஊர் என்னையும்தான் கேக்கும். ஜெயிச்சா வருசத்துக்கு ஒரு தடவை இந்த வாசல்ல நின்னு கணக்கு வாசிப்பியா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "வாசிக்கிறேன் அண்ணாச்சி. ஆனா நான் வாசிக்காம விட்டா, எனக்கென்னன்னு நீங்க இருந்துறக் கூடாது. வந்து கேக்கணும்."

அந்தப் பதில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். முன்மொழிபவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்று சட்டம் நினைக்கிறது: வார்டில் பெயர் இருக்க வேண்டும், கையெழுத்து உண்மையாக இருக்க வேண்டும். தர்மத்தின்படி அந்தக் கையெழுத்து ஒரு பிணை. ஒருவருக்கு ஜாமீன் போட்டால் அவருடைய கடனில் நமக்கும் பங்கு உண்டு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பொறுப்புக்கு ஒருவரை முன்மொழிகிறவர், அவர் செய்வதற்கும் செய்யாமல் விடுவதற்கும் தன்னையும் பதிலாளி ஆக்கிக்கொள்கிறார். கட்சி வேட்பாளருக்கு முன்மொழிகிறவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பெயரை ஊர் தெரிந்து வைத்துக்கொண்டு, நாளைக்கு அவரிடமும் போய்க் கேட்டால், பாதி மனுக்களில் கையெழுத்துப் போட ஆள் யோசிக்கும். அப்படி யோசிப்பது ஊருக்கு நல்லது.

அந்தத் தங்கச்சி ஜெயிக்கவில்லை. ஆனால் தேர்தல் முடிந்ததும் தான் செலவழித்த பணத்துக்குத் துண்டுச்சீட்டு விடாமல் எழுதி, மண்டல அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். முடிவு வந்து 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைக் கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுகளுக்கு நிற்க முடியாது என்பது விதி. அன்றைக்கு என்னை உலுக்கியது இதுதான். தோற்றவர், தன் கைக்காசுக்குக் கணக்குக் கொடுக்காவிட்டால் மறுபடி நிற்க முடியாது. ஜெயித்தவருக்கோ, ஐந்து ஆண்டு ஊர்ப் பொறுப்பில் இருந்துவிட்டு மறுபடி மனுப் போடும்போது, வார்டு மக்கள் முன் கணக்கு வாசித்தீர்களா என்று கேட்கும் கட்டம் மனுத் தாளில் இல்லை. மாநகராட்சிக்குத் தணிக்கை உண்டு, அது அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நடக்கிறது. பொறுப்பைக் கொடுத்த மக்கள் முன் நடப்பதில்லை. உத்திரமேரூர்ச் சபையில் எது உயிருள்ள விதியோ அதை விட்டுவிட்டோம்.

உறவினரை விலக்கும் பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. மாமன் செய்ததற்கு மருமகன் பதவி இழப்பது எந்த தர்மம்? சொத்தையும் செல்வாக்கையும் உறவுக்குள் சுற்றவிட்டுக் கணக்கிலிருந்து தப்புகிறவர்களைப் பார்த்துத்தான் அவர்கள் அந்த வேலி போட்டிருப்பார்கள் என்பது புரிகிறது. இன்றைக்கு அதே வேலியைப் போட்டால் முதலில் அடிபடுவது பெண்களாக இருக்கும். 2016இல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆயிற்று. கணவர் கணக்குக் காட்டவில்லை என்று மனைவியை நிறுத்தினால், அவளைக் கணவரின் நிழலாகவே சட்டமும் பார்ப்பதாக ஆகிவிடும். வினை அவரவர்க்கு என்பது எல்லாச் சமயமும் ஒத்துக்கொண்டது. கணக்குக் கடமையும் அவரவர்க்கே. பொறுப்பில் இருந்தவர், அவருக்காகக் கையெழுத்திட்டவர், இந்த இரண்டு பேரோடு நிற்கட்டும்.

பழைய ஏதென்ஸ் நகரத்தில் பதவிக்கு வருகிறவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பெற்றோரை நன்றாக வைத்திருக்கிறாயா, வரி கட்டினாயா, போருக்கு அழைத்தபோது போனாயா என்பவை அந்தக் கேள்விகளில் சில. பதவி முடிந்ததும் கணக்கு விசாரணை. அது முடியும் வரை அவர் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது. தன் சொத்தைத் தெய்வத்துக்குக் காணிக்கையாக எழுதிவைக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எங்கள் அய்யாவை நினைத்துக்கொண்டேன். காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்று ஒரே மூச்சில் விலக்கியவர் அவர். மனிதருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கடவுளுக்குக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது என்று கடல் தாண்டி ஒரு நகரமும் சாமிதோப்பும் கண்டறிந்திருக்கின்றன.

நம் ஊர்களில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடக்கிறது. 2019லும் 2021லும் ஊரக உள்ளாட்சித் தேர்தல்களின்போது, சில கிராமங்களில் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. அதிகம் கேட்டவர் மட்டும் மனுப் போடுவார், மற்றவர் போடக்கூடாது, பணம் கோயில் திருப்பணிக்கு. ஏலம் விட்டால் நடவடிக்கை என்று மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரித்தது. ஊர் ஒற்றுமைக்காகத்தானே, சாமி காரியத்துக்குத்தானே என்று அதற்கு நியாயம் சொல்பவர்கள் என் கடைக்கும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: விலை கொடுத்து வாங்கியவர் யாருக்குக் கணக்குச் சொல்வார்? பணத்தைச் சாமிக்குக் கட்டிவிட்டேன், இனி என்னை எவன் கேட்பான் என்று அவர் நினைத்தால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிற பணத்துக்காக, நிற்கலாம் என்று ஏழைக்கு இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டு, அதற்குத் தெய்வத்தைச் சாட்சி வைப்பது பாவம். ஓட்டுக்குப் பணம் கொடுத்து, கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவதும் அதே பாவம்தான்.

பதில் சொல்ல ஆளே இல்லாத காலத்தையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2016 அக்டோபரில் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு எல்லோரும் மனுப் போட்ட பிறகு, இட ஒதுக்கீட்டில் குறை என்று சென்னை உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அந்த மாதத்தோடு பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் 2022 வரை இருநூறு வார்டிலும் கவுன்சிலர் இல்லை. விளக்கு எரியாவிட்டால் எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் இருந்தோம். பிறகு தேர்ந்தெடுத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலியில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீடுகளுக்குள் புகுந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகம் வரை படர்ந்து மீனவர் வலையைக் கெடுத்தது. அப்படிப்பட்ட நாளில் வார்டு உறுப்பினரிடம் ஜனம் கேட்பது படிப்பையும் குலத்தையும் அல்ல. மழைநீர் வடிகால் எப்போது தூர்வாரினீர்கள், யாரிடம் எழுதிக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதைத்தான் கேட்பார்கள்.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். குற்றமே இல்லாத ஆள் கிடைப்பது அரிது என்பதை அவர் ஒப்புக்கொண்டே பேசுகிறார். குணத்தையும் குறையையும் எடைபோடச் சொல்கிறார்; பெருமை சிறுமைக்கு அவரவர் செயலே உரைகல் என்கிறார். தூய்மையானவரைத் தேடி அலைய வேண்டாம் என்று நான் சொல்லும் துணிவு அங்கிருந்து வந்தது. தகுதி என்பது நிற்பதற்கு முன்பே ஒருவரிடம் இருப்பு வைத்திருக்கும் பொருள் என்று நினைப்பதால்தான் நிலம், குலம், படிப்பு என்று ஒவ்வொரு காலமும் ஒரு தடுப்பு வைக்கிறது. தகுதி ஒருவர் ஏற்றுக்கொள்ளும் கடன். நிற்கிற அன்றைக்கு அது தொடங்குகிறது. கணக்குச் சொல்லி அடைத்த அன்றைக்குத்தான் அவர் தகுதியானவர் என்று ஊர் சொல்ல முடியும்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. வாசலில் நிற்கும் தடுப்புகளை எடுத்துவிடுங்கள். எழுதத் தெரியாதவர், வாடகை வீட்டில் இருப்பவர், கடனில் இருப்பவர், எந்தத் தெருவில் பிறந்தவரும் நிற்கட்டும். நின்று ஜெயித்தவர் ஆண்டுக்கொரு முறை வார்டு மக்கள் முன் கணக்கு வாசிக்கட்டும். வாசிக்காதவரின் அடுத்த மனுவை ஏற்க வேண்டாம் என்று சட்டத்தில் எழுதுங்கள். இதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. நம்மில் பலர் அங்கே போவதில்லை. அடுத்த தேர்தலுக்குச் சட்டம் மாறுமா என்பது என் கையில் இல்லை. பகுதி சபைக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து "கணக்கை வாசிங்க" என்று கேட்பது என் கையில் இருக்கிறது, உங்கள் கையிலும் இருக்கிறது. என்னிடம் முன்மொழியக் கையெழுத்துக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், எந்தச் சாதியானாலும் போடுவேன். அதற்கு முன், கணக்கு வாசிப்பேன் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுக்க வேண்டும்; வந்து கேட்பேன் என்று நானும் அவருக்கு வாக்குக் கொடுப்பேன்.